எந்த மாதத்தில் எடை போட்டீர்கள்?

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமான ஊழியப் பங்காளர்களே,

ஜார்க்கண்டின் சந்தால் பர்கனா பகுதியில் நாங்கள் செய்துவரும் மருத்துவ ஊழியத்தை உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் தாங்கி வருகிறீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எடை போட்டு, நலிந்த பிள்ளைகளைக் கண்டறிந்து, தாய்மார்களுக்குப் போதித்து, மோசமான நிலையிலுள்ளவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பராமரிப்பது அந்த ஊழியத்தின் முக்கியமான பகுதி.

"சத்துக்குறைவு குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?" என்று கடிதங்களில் நீங்கள் கேட்பதுண்டு. கொடுக்கிறவர்கள் கேட்கவேண்டிய நியாயமான கேள்வி இது. ஆனால் இதற்கு வரும் எந்தப் பதிலையும் ஏற்றுக்கொள்ளுமுன் இன்னொரு கேள்வியையும் கேட்கப் பழக வேண்டும்: "எந்த மாதத்தில் எடை போட்டீர்கள்?" இம்மாதப் பாடம் இந்த ஒரு கேள்வியைப் பற்றியது. பெண்கள் ஐக்கியத்திலும் வாலிபர் கூட்டத்திலும் வாசித்துப் பேச உதவியாகப் பகுதி பகுதியாகத் தருகிறோம்.

1. நகோமி ஊர் திரும்பிய மாதம்

ரூத்தின் சரித்திரம் நமக்கெல்லாம் தெரிந்ததே. தேசத்தில் பஞ்சம் உண்டானபோது எலிமெலேக்கின் குடும்பம் பெத்லகேமைவிட்டு மோவாபுக்குப் போனது. ஏறக்குறைய பத்து வருஷம் கழித்து, கர்த்தர் தமது ஜனத்துக்கு ஆகாரம் அருளினார் என்று கேள்விப்பட்டு நகோமி திரும்பினாள். அவளும் ரூத்தும் ஊர் வந்து சேர்ந்த காலம் இன்னதென்று வேதம் குறிப்பாகச் சொல்கிறது. அது வாற்கோதுமை அறுப்பின் ஆரம்பம்.

அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பின்வரும் காரியங்கள் நமக்கு விளங்காது. வயலில் கதிர் இருந்ததால்தான் ரூத்தால் பொறுக்க முடிந்தது. ஒரே நாளில் ஏறக்குறைய ஒரு எப்பா வாற்கோதுமை வீட்டுக்கு வந்ததும் அதனால்தான்.

இப்போது ஒரு கற்பனை செய்து பார்ப்போம். அந்த அறுப்பு நாட்களில் ஒருவர் தராசோடு பெத்லகேமுக்குப் போய்ப் பிள்ளைகளை நிறுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? "இவ்வூரில் பசி இல்லை" என்று எழுதியிருப்பார். அவரே அறுப்புக்குச் சில வாரங்களுக்கு முன், போன வருஷத்துத் தானியம் தீர்ந்துபோயிருந்த நாட்களில் போயிருந்தால் வேறுவிதமாக எழுதியிருப்பார். இரண்டு அறிக்கையிலும் பொய் இல்லை. ஆனால் தேதி போடாமல் இரண்டையும் அருகருகே வைத்தால், படிக்கிறவர் தவறான முடிவுக்கு வருவார்.

2. மலைநாட்டின் ஓராண்டு

தமிழ்நாட்டுக் கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நம் பெரியோர் சொன்னது வெறும் வாழ்த்து அல்ல. களத்தில் நெல் குவிந்து, கடன் அடைந்து, கையில் காசு புழங்கும் மாதம் அது. ஆடியிலோ விதைக்க வேண்டும், செலவு உண்டு, வரவு இல்லை.

இங்கே அந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையானது. பள்ளத்தாக்குகளில் வாழும் சந்தால் மக்களுக்குப் பெரும்பாலும் மழையை நம்பிய ஒரே போகம் நெல். ஆனி, ஆடியில் நடவு. கார்த்திகை, மார்கழியில் அறுப்பு. ராஜ்மகால் மலைகளின்மேல் வாழும் பஹாரியா மக்கள் சரிவுகளில் சோளமும் பயறும் சிறுதானியமும் விதைக்கிறார்கள். அறுப்பு முடிந்து, ஜனவரியில் சந்தால் மக்கள் சோஹராய் பண்டிகை கொண்டாடும்போது ஏறக்குறைய எல்லா வீட்டுப் பானையிலும் சோறு உண்டு. பங்குனியில் இலுப்பைப் பூ உதிர்கிறது. அதைப் பொறுக்கி உலர்த்தி விற்றால் கொஞ்சம் காசு வரும்.

சித்திரை, வைகாசி வெயிலில் குதிர் காலியாகத் தொடங்கும். ஜூன் மாதம் மழை இறங்கியதும் நான்கு கஷ்டங்கள் ஒன்றாக வந்து சேருகின்றன.

முதலாவது, வீட்டில் தானியம் இல்லை. கடையில் வாங்கவேண்டிய நேரத்தில்தான் விலையும் உயர்ந்திருக்கும். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தகுதியுள்ள குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ ரேஷன் தானியம் கிடைக்கிறது. இது பெரிய ஆறுதல். ஆனால் பருப்புக்கும் எண்ணெய்க்கும் முட்டைக்கும் காசு வேண்டும்.

இரண்டாவது, தாய்க்கு வேலை அதிகம். நடவுக்காக விடியுமுன் வயலில் இறங்குகிறாள். அநேகக் குடும்பங்கள் கூலி நடவுக்காக வங்காளத்துப் பக்கம் போய்விடுகின்றன. ஆறு மாதக் குழந்தைக்கு இணை உணவு ஊட்டவேண்டிய கை சேற்றில் இருக்கிறது. ஆறு வயது அக்காள் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறாள்.

மூன்றாவது, நோய். மழைநீரோடு வயிற்றுப்போக்கு வருகிறது, கொசுவோடு மலேரியா வருகிறது. காய்ச்சலில் குழந்தை சாப்பிடாது. வயிற்றுப்போக்கில் சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டாது.

நான்காவது, வழி. ஓடைகள் நிரம்பி மலைப்பாதை துண்டிக்கப்படுவதால் உதவி மிகவும் தேவைப்படும் வாரங்களில் ஆஸ்பத்திரி மிகவும் தூரமாகிவிடுகிறது.

ஆகவே தை மாதத்தில் குண்டுக் கன்னத்தோடு நாம் பார்த்த அதே குழந்தை ஆவணியில் விலா எலும்பு தெரிய நிற்கக்கூடும். அறுப்புக்குப்பின் அது திரும்பவும் தேறக்கூடும். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு வருஷமும் நடக்கிறது. திட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கிறது.

3. மூன்று அளவுகள், மூன்று குணங்கள்

சத்துக்குறைவு என்று பொதுவாகச் சொன்னாலும் அதை மூன்று விதமாக அளக்கிறார்கள்.

மெலிவு: உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாமை. சமீப வாரங்களில் உணவும் நோயும் எப்படி இருந்தன என்பதை இது காட்டுகிறது. சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். பருவகாலத்தின் முத்திரை இதன்மேல்தான் ஆழமாய் விழுகிறது. மேற்கையின் நடுப்பகுதிச் சுற்றளவை நாடாவால் அளப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள பிள்ளைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் உயிருக்கே ஆபத்து. 12.5-க்குக் கீழே இருந்தால் எச்சரிக்கை.

குட்டை வளர்ச்சி: வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாமை. தாயின் வயிற்றிலிருந்து தொடங்கி வருஷக்கணக்கில் பட்ட குறையின் பதிவு இது. வளர்ந்த உயரம் பட்டினியால் குறையாது. ஆகையால் மாதத்துக்கு மாதம் இது அவ்வளவாக ஊசலாடாது.

எடைக்குறைவு: வயதுக்கு ஏற்ற எடை இல்லாமை. மேற்சொன்ன இரண்டும் கலந்தது. அங்கன்வாடியில் மாதந்தோறும் இதையும் பார்க்கிறார்கள். கலப்பு ஆகையால் பருவத்தின் பாதிப்பும் இதில் ஓரளவு உண்டு.

ஆஸ்பத்திரித் தராசு ஒன்றே. ஆனால் எந்த அளவைச் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து, மாதத்தைக் கேட்கவேண்டிய அவசியம் கூடும் அல்லது குறையும். மெலிவைப் பற்றி யாராவது பேசினால் மாதத்தைக் கேட்காமல் விடவே கூடாது.

4. ஒரு சிறு கணக்கு

விளங்கிக்கொள்வதற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஒரு கிராமத்தில் 100 பிள்ளைகள். ஊழியம் தொடங்கிய முதல் வருஷத்தில் ஜனவரியில் 16 பேர் மெலிந்திருந்தார்கள். ஆகஸ்டில் 26 பேர். மூன்றாம் வருஷத்தில் ஜனவரியில் 12 பேர்; ஆகஸ்டில் 22 பேர்.

ஜனவரியை ஜனவரியோடு ஒப்பிட்டால் 4 பேர் குறைவு. ஆகஸ்டை ஆகஸ்டோடு ஒப்பிட்டாலும் 4 பேர் குறைவு. ஊழியத்தின் உண்மையான பலன் இதுதான். பெரிதல்ல, ஆனால் மெய்யானது.

இப்போது முதல் வருஷத்து ஜனவரியை மூன்றாம் வருஷத்து ஆகஸ்டோடு வைத்துப் பாருங்கள். 16 பேர் 22 ஆகிவிட்டார்கள்! "இவ்வளவு செலவு செய்தும் நிலைமை மோசமாகிவிட்டதே" என்று ஆதரிப்பவர்கள் சோர்ந்துபோவார்கள். நல்ல ஊழியம் ஒன்று மூடப்படலாம்.

மாறாக, முதல் வருஷத்து ஆகஸ்டை மூன்றாம் வருஷத்து ஜனவரியோடு வைத்தால் 26 பேர் 12 ஆகிறார்கள். பாதிக்கும் கீழே! துண்டுப்பிரசுரத்தில் போட்டால் எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். ஆனால் அந்த 14 பேரில் 10 பேரைத் தேற்றியது அறுப்பு. ஊழியத்தின் பங்கு 4 மட்டுமே.

இப்படி யாரும் வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. திட்டத்துக்கு அனுமதி கிடைத்து, ஆட்களைச் சேர்த்து, முதல் கணக்கெடுப்புக்குப் போக ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடுவதுண்டு. நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. ஆகவே கடைசிக் கணக்கெடுப்பு பிப்ரவரியில் நடக்கும். காகிதத்தில் ஒழுங்காய்த் தெரியும் இந்த ஏற்பாட்டில், பசிமாதத்தில் தொடங்கி நிறைவான மாதத்தில் முடியும் கணக்கு தானாகவே உருவாகிவிடுகிறது.

அரசு நடத்தும் இயக்கங்களிலும் இதைக் கவனிக்கலாம். 2018 முதல் செப்டம்பர் தேசிய ஊட்டச்சத்து மாதமாக அனுசரிக்கப்படுகிறது. ஊட்டச்சத்து இருவார விழா வழக்கமாக மார்ச் மாதத்தையொட்டி வருகிறது. இரண்டிலும் பிள்ளைகளை எடை போடுகிறார்கள். ஒன்று மழைக்காலக் கடைசி, மற்றொன்று அறுப்புக்குப் பின்னான காலம். செப்டம்பரைச் செப்டம்பரோடும் மார்ச்சை மார்ச்சோடும்தான் ஒப்பிட வேண்டும்.

5. தேசத்தின் கணக்கிலும் இதே பாடம்

இது நம் மலைக்கிராமத்துக்கு மட்டும் உரிய காரியம் அல்ல. இந்தியாவின் பெரிய ஆய்வுகளையே எடுத்துக்கொள்வோம்.

2013-14-இல் மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகமும் யுனிசெஃப் நிறுவனமும் குழந்தைகள் நிலைபற்றிய ஒரு விரைவு ஆய்வை நடத்தின. அதில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் மெலிந்தவர்கள் 15.1 சதவீதம். அடுத்து, 2015-16-இல் நடந்த நான்காவது தேசியக் குடும்பநல ஆய்வில் அதே மெலிவு 21.0 சதவீதம். இரண்டு ஆண்டுகளில் நாடு இவ்வளவு மெலிந்துவிட்டதா? குட்டை வளர்ச்சியைப் பாருங்கள்: முதல் ஆய்வில் 38.7, அடுத்ததில் 38.4. அது ஏறக்குறைய அசையவே இல்லை.

முதல் ஆய்வின் களப்பணி 2013 நவம்பர் முதல் 2014 மே வரை நடந்தது. அதாவது மழைமாதங்கள் அதில் இல்லை. இரண்டாவது ஆய்வு 2015 ஜனவரியில் தொடங்கி 2016 டிசம்பர்வரை, மாநிலம் மாநிலமாக, மழைமாதங்களையும் சேர்த்து நடந்தது. இரண்டு ஆய்வுகளின் முறைகளிலும் வேறுபாடு உண்டு. எல்லாவற்றையும் பருவத்தின்மேல் சுமத்த முடியாது. ஆனாலும் சட்டென்று ஏறி இறங்கும் அளவு மாறியதும், மெதுவாய் நகரும் அளவு அப்படியே நின்றதும் நம்மை நிதானிக்கச் செய்ய வேண்டும்.

இன்னும் நெருங்கி, நாங்கள் ஊழியம் செய்யும் ஜார்க்கண்டைப் பார்ப்போம். நான்காவது குடும்பநல ஆய்வில் இம்மாநிலத்தில் மெலிந்த பிள்ளைகள் 29.0 சதவீதம். ஐந்தாவது ஆய்வில் அது 22.4 ஆகக் குறைந்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் ஐந்தாவது ஆய்வின் இரண்டாம் கட்டத்தில்தான் ஜார்க்கண்ட் இருந்தது. அந்தக் கட்டம் 2020 ஜனவரியில் தொடங்கி, மார்ச்சில் கொரோனா ஊரடங்கால் நின்றுபோய், அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் தொடங்கி, 2021 ஏப்ரலில் முடிந்தது. மழைமாதங்கள் ஊரடங்குக் காலத்தோடு போய்விட்டன. ஆகவே அந்த இறக்கம் முழுவதையும் முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்வது சரியல்ல.

அதே ஆய்வுகளில் குட்டை வளர்ச்சி எப்படி இருக்கிறது? 2005-06-இல் 49.8 சதவீதம், 2015-16-இல் 45.3, ஐந்தாவது ஆய்வில் 39.6. பருவத்தால் அதிகம் அசையாத இந்த அளவு பதினைந்து ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வருகிறது. இதற்காக நாம் தைரியமாய் ஸ்தோத்திரிக்கலாம். அதே சமயத்தில் ஐந்து பிள்ளைகளில் ஏறக்குறைய இரண்டு பேர் இன்னும் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்பதையும் மறக்கலாகாது.

6. ஆப்பிரிக்காவிலிருந்து மூன்று சாட்சிகள்

நைஜீரியாவின் இலேஷா என்னும் ஊரில் மெதடிஸ்ட் மிஷன் நடத்திய வெஸ்லி கில்டு ஆஸ்பத்திரியில் 1950-களில் டேவிட் மார்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் பணியாற்றினார். குழந்தைகளை வருஷத்துக்கு ஒருதரம் அல்ல, மாதந்தோறும் எடை போட்டு, அதைத் தாயே வைத்துக்கொள்ளும் அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்கும் முறையை அவர் வளர்த்தெடுத்தார். இன்று அங்கன்வாடியில் நாம் பார்க்கும் வளர்ச்சி அட்டைக்கு அது ஒரு முன்னோடி. ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் அனுபவம் உலகமெங்கும் பரவியது. ஒரே ஒரு எடை குழந்தையின் கதையைச் சொல்லாது, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதே சொல்லும் என்பது அந்த அட்டையின் பாடம். மழைமாதங்களில் கோடு படுத்துவிடுவதைத் தாய் தன் கண்ணாலேயே காண்கிறாள்.

காம்பியா நாட்டில் கெனெபா என்னும் கிராமத்தில் பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக மக்களின் உடல்நலத்தைப் பதிவு செய்துவருகிறார்கள். அங்கும் மழைக்காலமே பசிக்காலம். அப்போது பிறக்கும் குழந்தைகளின் எடை குறைவு. அப்பகுதியில் கர்ப்பிணிகளுக்குச் சத்து பிஸ்கட் கொடுத்து நடத்திய ஆய்வின் முடிவு 1997-இல் வெளியானது. அறுப்புக்காலத்தில் அந்த உணவு பிறப்பு எடையைச் சராசரியாக 94 கிராம் கூட்டியது. பசிக்காலத்திலோ 201 கிராம் கூட்டியது. அதே பிஸ்கட், இரண்டு மடங்குக்கும் மேலான பலன். உதவியின் அளவு மட்டுமல்ல, அது போய்ச்சேரும் காலமும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

மூன்றாவது நைஜர் நாடு. மழை பொய்த்த பின் 2010 மே, ஜூன் மாதங்களில் எடுத்த தேசியக் கணக்கில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 16.7 சதவீதம் பேர் மெலிவில் இருந்தார்கள். அதை 2009 ஜூன் மாதக் கணக்கான 12.3-ஓடு ஒப்பிட்டார்கள். பருவம் ஒன்றே ஆனபடியால், இது வழக்கமான பசிமாதம் அல்ல, மெய்யான நெருக்கடி என்பது சந்தேகமின்றித் தெரிந்தது. மாதத்தைக் கவனிப்பது ஆபத்தை மூடிமறைப்பதற்கு அல்ல. மெய்யான ஆபத்தை நேரத்தோடு அடையாளம் காண்பதற்கே.

7. தராசுக்கு அருகில் கடைப்பிடிக்க வேண்டியவை

எங்கள் சஹியாக்களுக்கும் (ஆஷா பணியாளர்களை இங்கே இப்படித்தான் அழைக்கிறோம்) கிராம ஊழியர்களுக்கும் நாங்கள் போதிக்கிற ஒழுங்குகளில் சிலவற்றை நீங்களும் அறிந்திருப்பது நல்லது.

ஆண்டுக் கணக்கெடுப்பு ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில் நடக்க வேண்டும். இரண்டு முறை எடுக்க முடியுமானால் அறுப்புக்குப்பின் ஒன்று, மழையில் ஒன்று. மழைக்கணக்கு கஷ்டம் என்பதற்காக அதை விட்டுவிட்டால், மிகவும் கஷ்டப்படுகிற மாதம் எந்த அறிக்கையிலும் வராமலே போய்விடும்.

குளிர்காலத்தில் ஸ்வெட்டரும் சால்வையும் சில நூறு கிராம் எடையைக் கூட்டிவிடும். எட்டு கிலோக் குழந்தைக்கு அது சின்ன விஷயம் அல்ல. ஆகவே அறைக்குள் நெருப்பு மூட்டி, உடையைக் களைந்து நிறுக்க வேண்டும். தராசை எடை தெரிந்த கல்லால் தினமும் சரிபார்க்க வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைப் படுக்கவைத்து நீளம் அளக்க வேண்டும். பெரிய பிள்ளையை நிற்கவைக்க வேண்டும். கால் வீங்கிய குழந்தையின் எடையை நம்பக்கூடாது. அந்த நீர் எடையைக் கூட்டிக் காட்டும். குழந்தையோ மரணத்தின் விளிம்பில் இருக்கக்கூடும்.

வயது தெரியாவிட்டால் தாயிடம், "சோஹராய்க்கு முன்னா பின்னா? இலுப்பைப் பூ விழுந்த காலமா? நடவு நடந்தபோதா?" என்று கேட்டு, பிறந்த மாதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சில மாதங்கள் தவறினாலும் குட்டை வளர்ச்சியின் கணக்கு தடம் மாறிவிடும்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைக் கொண்டு கிராமத்தின் நிலையைச் சொல்லக்கூடாது. ஓடை நிரம்பியதால் வரமுடியாமல் போன பிள்ளை நம் பதிவேட்டில் இல்லை. ஜூலையில் வார்டு காலியாக இருந்தால் கிராமம் நலமாயிருக்கிறது என்று அர்த்தமல்ல.

அதே பிள்ளைகளைத் தொடர்ந்து அளந்து, "தேறிவிட்டார்கள்" என்று சொல்வதிலும் கவனம் வேண்டும். பிள்ளைகளுக்கு வயது கூடும்போதே மெலிவு பொதுவாகக் குறையும். இந்த வருஷத்து இரண்டு வயதுப் பிள்ளைகளைப் போன வருஷத்து இரண்டு வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிடுவதே நியாயம்.

8. பையில் இருக்கும் இரண்டு நிறைகற்கள்

உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில், வாங்குவதற்கு ஒன்று, விற்பதற்கு ஒன்று என்று பையில் வெவ்வேறு நிறைகற்களை வைத்திருப்பதைக் கர்த்தர் கண்டிப்பாய் விலக்குகிறார். கள்ளத்தராசை அவர் அருவருக்கிறார் என்று நீதிமொழிகளும் போதிக்கிறது. இவற்றை நாம் கடைக்காரருக்குச் சொல்லப்பட்டதாகவே வாசித்துப் பழகிவிட்டோம். ஆனால் ஒவ்வொரு கல்லும் தன்னளவில் கல்தான். எப்போது எதை எடுத்து வைக்கிறோம் என்பதில்தான் அநீதி இருக்கிறது. ஆகஸ்டு கணக்கும் ஜனவரி கணக்கும் அப்படிப்பட்ட இரண்டு கற்கள். நமக்குச் சாதகமானதைத் தேர்ந்து எடுத்து வைத்தால், தராசு சரியாயிருந்தும் கணக்கு கள்ளக்கணக்காகிவிடும்.

சுவிசேஷத்தின் பேரால் நடக்கும் ஊழியத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. தன் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து அனுப்பும் ஆசிரியைக்கும், தினம் ஒரு பிடி அரிசி ஒதுக்கிவைத்து மாதக்கடைசியில் சபைக்குக் கொடுக்கும் தாய்க்கும் நாங்கள் சொல்லவேண்டியது உண்மையை மட்டுமே. நூற்றில் நான்கு பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அந்த நான்கு பேருக்கும் பேர் உண்டு, அவர்களைச் சுமந்து நடக்கும் தாய் உண்டு. பதினான்கு என்று சொல்லித்தான் அவர்களுடைய மதிப்பை உயர்த்தவேண்டும் என்பதில்லை.

9. காணிக்கையும் காலமும்

இன்னொரு காரியத்தையும் அன்போடு உங்கள்முன் வைக்கிறோம். நம் சபைகளில் கிறிஸ்துமஸ் காலத்தில் கைதாராளமாய்க் கொடுக்கிறோம். அது நல்ல வழக்கம். ஆனால் டிசம்பரில் இங்கே களத்தில் நெல் இருக்கிறது. பசி வாசற்படியில் நிற்பது ஜூலையிலும் ஆகஸ்டிலும். அப்போது தென்னாட்டில் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டி முடித்த நேரம்; காணிக்கைகள் மெலிந்திருக்கும் நேரம்.

யோசேப்பு எகிப்தில் செய்தது இந்த இடைவெளியை நிரப்பும் வேலைதான். நிறைவான காலத்தில் சேர்த்தான், குறைவான காலத்தில் திறந்தான். கிராமங்களில் பெண்கள் குழுக்கள் சேர்ந்து நடத்தும் தானிய வங்கியும் அதே வழியில் நடக்கிறது. அறுப்பில் ஒவ்வொரு வீட்டாரும் கொஞ்சம் நெல் போடுகிறார்கள். ஆடி, ஆவணியில் கடனாக எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த அறுப்பில் திரும்ப அளக்கிறார்கள். வட்டிக்காரனிடம் போகவேண்டியதில்லை. நடவு நாட்களில் வயலோரத்தில் ஒரு பந்தல் போட்டு, ஒரு பாட்டியம்மாளைக் குழந்தைகளுக்குக் காவல் வைத்து, வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்ட ஏற்பாடு செய்தால், தாயும் நிம்மதியாய் நடவு நடலாம். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் மலேரியா மருந்தும் பாதை துண்டிக்கப்படுமுன், மே மாதத்திலேயே, மலைமேல் போய்ச்சேர வேண்டும். ஜூலையில் வந்த பணம் ஜூலையில் மருந்தாக மேலே ஏறாது.

ஆகவே ஆண்டுக்காணிக்கையில் ஒரு பங்கை ஏப்ரல் மாதத்துக்கென்று ஒதுக்கிவைப்பது எந்தக் குடும்பத்துக்கும் சபைக்கும் கூடும். தொகை அதேதான், காலம் மட்டும் மாறுகிறது. காம்பியாவின் கர்ப்பிணிகளுக்கு அந்தக் காலமாற்றம் எவ்வளவு பலன் தந்தது என்பதை மேலே பார்த்தோம்.

10. கூடிப் பேசுவதற்குச் சில கேள்விகள்

1. உங்கள் பகுதியில் கையிருப்பு குறையும் மாதம் எது? மீனவர், கூலித்தொழிலாளர், நெசவாளர் வீடுகளில் அது வெவ்வேறு மாதமாக இருக்கிறதா?

2. உங்கள் சபை ஆதரிக்கும் ஊழியங்களின் அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளின் எடையைப் பற்றிய எண்ணுக்கு அருகில் மாதம் குறிக்கப்பட்டிருக்கிறதா? முதல் கணக்கும் கடைசிக் கணக்கும் ஒரே பருவத்தைச் சேர்ந்தவையா?

3. மெலிவு குறைந்தது என்ற செய்தியோடு குட்டை வளர்ச்சியின் எண்ணையும் கேட்பது ஏன் நல்லது?

4. சிறிய, மெய்யான பலனைக் கேட்டு ஸ்தோத்திரிக்க நாம் ஆயத்தமா? பெரிய எண்களையே எதிர்பார்த்து, ஊழியர்களைச் சோதனைக்குள் தள்ளுகிறோமா?

ஜெபக் குறிப்புகள்

மழைமாதங்களில் மலைக்கிராமங்களில் கைக்குழந்தைகளோடு நடவுக்கு இறங்கும் தாய்மாருக்காக ஜெபியுங்கள். நிரம்பிய ஓடைகளைக் கடந்து எடை போடப் போகும் சஹியாக்களையும் ஊழியர்களையும் கர்த்தர் காத்துக்கொள்ளும்படி ஜெபியுங்கள். வேலைக்காக வங்காளம் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் வழியில் கைவிடப்படாதபடிக்கு ஜெபியுங்கள். கணக்குகளை எழுதுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் உண்மையை நேசிக்கும் இருதயம் உண்டாக ஜெபியுங்கள். ஜார்க்கண்டில் குட்டை வளர்ச்சி படிப்படியாய்க் குறைந்துவருவதற்காக ஆண்டவரை ஸ்தோத்திரியுங்கள்.

அடுத்தமுறை எங்களிடமிருந்தோ வேறு எந்த ஊழியத்திடமிருந்தோ ஒரு நல்ல எண் உங்கள் கைக்கு வரும்போது, சந்தோஷப்படுங்கள். பின்பு ஒரு தபால் அட்டையில், "எந்த மாதத்தில் எடை போட்டீர்கள்?" என்று எழுதிக் கேளுங்கள். அந்தக் கேள்வியை நாங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டோம். எங்களோடு சேர்ந்து தராசைப் பிடிக்கும் கையாகவே எண்ணுவோம்.

ஆண்டவருடைய ஊழியத்தில் உங்கள் அன்புள்ள,
மருத்துவ ஊழியர்கள்